ஞாயிறு இரவு ஒரு கையெழுத்து... பேண்ட் வகுப்பில் மார்க் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகர் வீடு. பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் பக்கத்தில் வந்து நிற்கிறான் ஆறாம் வகுப்புப் பையன். கையில் ஒரு தாள்.

"அம்மா, இதுல ஒரு சைன் போடு."

வாங்கிப் பார்க்கிறார். திங்கள் 20, செவ்வாய் 20, புதன் 20, வியாழன் 20, சனி 20. கூட்டினால் கச்சிதமாக 100 நிமிடம். கிளாரினெட் பயிற்சிக் கணக்கு. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"புதன்கிழமை தங்கச்சியோட டான்ஸ் கிளாஸ். வந்ததே எட்டரை மணிக்கு. நீ எப்போடா வாசிச்சே?"

"எல்லாரும் இப்படித்தாம்மா எழுதுறாங்க. சைன் இல்லைன்னா ஜீரோ."

கிளாரினெட் பெட்டி செவ்வாய்க்கிழமையிலிருந்து சோபாவுக்குப் பின்னால் கிடப்பது அம்மாவுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். தாளுக்குத்தான் தெரியாது.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பள்ளி பேண்ட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சுதந்திர தினத்தன்று ட்ரம் அடித்துக்கொண்டு அணிவகுப்பில் முன்னால் போகும் பிள்ளைகள்தான். அதற்கு மார்க் கிடையாது; வெயிலில் நின்றதற்கு ஒரு மிட்டாய் கிடைத்தால் உண்டு. அமெரிக்காவின் மிடில் ஸ்கூலில் நிலைமை வேறு. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை, அதாவது 11 வயதிலிருந்து 14 வயதுவரை, பேண்ட் என்பது கணக்கு, அறிவியல் மாதிரியே டைம்டேபிளில் இருக்கும் ஒரு பாடம். ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன், ட்ரம்பெட், ஃப்ரெஞ்ச் ஹார்ன், ட்ராம்போன், யூஃபோனியம், ட்யூபா, தாள வாத்தியங்கள் என்று ஏதாவது ஒன்றைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். சொல்லித்தருபவர் 'பேண்ட் டைரக்டர்'. ரிப்போர்ட் கார்டில் அவர் போடும் மார்க்கும் மற்ற பாடங்களோடு சேர்ந்து நிற்கும். டெக்சாஸில் 70-க்குக் கீழே போனால் ஃபெயில்.

எதற்கு மார்க் என்பது பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வரும் கையேட்டில் இருக்கும். அதைப் படித்துப் பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கடன் விண்ணப்பத்தைப் படிக்கிற அளவுக்குத்தான் பெரும்பாலானவர்கள் அதையும் படிக்கிறார்கள்! பள்ளிக்குப் பள்ளி கணக்கு மாறும். ஆனாலும் நான்கு விஷயங்கள் எங்கேயும் உண்டு. வகுப்புக்கு வாத்தியம், புத்தகம், பென்சிலோடு நேரத்துக்கு வந்து உட்கார்வது. வீட்டில் பயிற்சி செய்வது. ஆசிரியர் முன்னால் தனியாக வாசித்துக் காட்டும் தேர்வு. கடைசியாக, கச்சேரிக்கு வருவது.

பென்சிலா என்று கேட்காதீர்கள். பேண்ட் டைரக்டர்களுக்குப் பென்சில் விஷயத்தில் இருக்கும் பிடிவாதம் வேறு எதிலும் இருக்காது. எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எந்தச் சுரத்தில் நேற்று தப்பினோம் என்பதைத் தாளிலேயே குறித்து வைத்தால்தான் நாளைக்கு அதே இடத்தில் தப்பாமல் இருக்கலாம். பேனாவில் எழுதினால் அழிக்க முடியாது; அந்தத் தாள் அடுத்த வருடம் வேறு ஒரு பிள்ளைக்குப் போகும். இந்த மார்க் நியாயமானதுதான். பென்சில் எடுத்துப் போவது பிள்ளையின் கையில் இருக்கிறது. இந்த 'பிள்ளையின் கையில் இருக்கிறதா' என்ற கேள்வியை மற்ற மூன்றுக்கும் கேட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் அந்தப் பயிற்சித் தாள். வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று கேட்பதன் நோக்கம் நல்லதுதான். 11 வயதுப் பிள்ளைக்குத் தினமும் வாத்தியத்தைத் தொடும் பழக்கம் வர வேண்டும். உதட்டைச் சுற்றியுள்ள தசைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக ஊதும் ஒன்றரை மணி நேரத்தைவிட, ஐந்து நாள் பதினைந்து பதினைந்து நிமிடம் ஊதுவது நல்லது. ஆனால், தாள் அளப்பது பயிற்சியை அல்ல, கடிகாரத்தை. அதுவும் பல வீடுகளில் கடிகாரத்தைக்கூட அல்ல, அம்மாவின் பேனாவை. உண்மையாக 60 என்று எழுதும் வீட்டுப் பிள்ளைக்கு 60 மார்க். பார்க்காமலே 100-க்குக் கையெழுத்துப் போடும் வீட்டுப் பிள்ளைக்கு 100. இரவு ஷிஃப்டில் வேலை பார்க்கும் அப்பா, தாள் பைக்குள்ளேயே இருந்ததால் கையெழுத்துப் போடாமல் விட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஜீரோ. அந்தப் பிள்ளை தினமும் வாசித்திருக்கலாம்!

20 நிமிடத்தில் என்ன நடந்தது என்பதும் தாளில் வராது. 'ஹாட் க்ராஸ் பன்ஸ்' என்று மூன்றே சுரத்தில் ஒரு பாட்டு உண்டு; அமெரிக்காவில் பேண்ட் சேரும் குழந்தைகள் பலருக்கும் அதுதான் முதல் பாட்டு. நன்றாக வரும் அதையே இருபது நிமிடம் திருப்பித் திருப்பி ஊதினாலும் 20 நிமிடம்தான். வராத நான்கு சுரத்தை எடுத்து, வேகத்தைக் குறைத்து, பத்து முறை உருப்போட்டாலும் 20 நிமிடம்தான். பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் சரளி வரிசையைத் திருப்பிச் சொன்ன யாருக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

இதற்கு மாற்றாக வந்தவைதான் ஸ்மார்ட்மியூசிக் போன்ற மென்பொருள்கள். கம்ப்யூட்டர் முன்னால் பிள்ளை வாசிக்கும். சரியாக வந்த சுரம் திரையில் பச்சையாகவும், தப்பியது சிவப்பாகவும் தெரியும். பொய் சொல்ல முடியாது. ஆனால், நாதம் இனிமையாக இருக்கிறதா, கன்னம் உப்புகிறதா, முதுகு வளைந்திருக்கிறதா என்பது மைக்குக்குத் தெரியாது. அதற்கு ஒரு மனிதக் காது வேண்டும். எதிரில் உட்கார்ந்து பார்க்கும் கண்ணும் வேண்டும். அதனால்தான் மூன்றாவதான வாசிப்புத் தேர்வு இருக்கிறது. இந்த நான்கில் நேர்மையானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். எட்டு வரிசை சுரம், ஆசிரியர் கேட்கிறார், நாதம், லயம், சுர சுத்தம், நாக்கால் சுரத்தைப் பிரிக்கும் விதம், உட்காரும் முறை என்று தனித்தனியாக மார்க் போடுகிறார். எங்கே குறைந்தது என்று பிள்ளைக்கும் தெரிகிறது.

ஆனாலும் இதில் உடம்பு என்ற ஒன்று குறுக்கே வருகிறது. 11 வயதுக் கை ட்ராம்போனின் குழாயைக் கடைசி ஏழாவது நிலைவரை நீட்டிப் பிடிக்க எட்டாது. அது சோம்பல் இல்லை, கை நீளம். அதைவிடக் கொடுமை பல் கம்பி. பல்வரிசையைச் சரி செய்யக் கம்பி கட்டும் வயதும் பேண்ட் சேரும் வயதும் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. நேற்றுவரை ட்ரம்பெட்டில் கணீரென்று வாசித்த பிள்ளை, கம்பி கட்டிய மறுநாள் காற்றை மட்டும் ஊதிக்கொண்டு கண் கலங்கி நிற்கும். உதட்டுக்கும் ட்ரம்பெட் வாய்க்கும் நடுவில் ஒரு இரும்பு வேலி முளைத்துவிட்டதே! நல்ல ஆசிரியர்கள் அந்த மாதம் தேர்வைத் தள்ளிவைப்பார்கள், கம்பி மேல் வைக்க மெழுகு வாங்கச் சொல்வார்கள். இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வரி மின்னஞ்சலில் சொல்ல வேண்டியது பெற்றோர்.

ஐந்து வயதிலிருந்து பியானோ படித்த பிள்ளையும், போன ஆகஸ்டில்தான் முதன்முதலாகச் சுரக் குறியீட்டைப் பார்த்த பிள்ளையும் ஒரே தேர்வில் உட்கார்கிறார்கள் என்பதும் உண்டு. முதலாமவன் பெட்டியைத் திறக்காமலே 98 வாங்குவான். இரண்டாமவன் தினமும் உழைத்து 81. இதற்காகப் பயிற்சி நிமிடத்துக்கு மார்க் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அதற்கு மருந்து நிமிடக் கணக்கு இல்லை, மறுதேர்வு. 81 வாங்கியவன் இரண்டு வாரம் கழித்து அதே எட்டு வரிசையைத் திரும்ப வாசித்து 92 ஆக்கிக்கொள்ளலாம் என்று வைத்தால், உழைப்புக்கு மார்க் தானாக வந்து சேரும். கையெழுத்து தேவையில்லை.

இனி கச்சேரி. பேண்ட் வகுப்பில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் அதிகமாக மனக்கசப்பு வருவது இங்கேதான். கச்சேரி என்பது பெரிய தேர்வுக்குச் சமம்; சொல்லாமல் வராமல் போனால் ஜீரோ என்று கையேட்டில் அச்சடித்திருக்கும். "ஒரு நாள் சாயங்காலம் வராததுக்கு ஏ கிரேடு சி ஆயிடுமா?" என்று கொதிக்கும் அப்பாக்கள் உண்டு. டைரக்டர் பக்கத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும். கணக்குப் பரீட்சைக்கு ஒருவன் வராவிட்டால் அவனுக்குத்தான் நஷ்டம். இரண்டே ஃப்ரெஞ்ச் ஹார்ன் இருக்கும் பேண்டில் ஒன்று வராவிட்டால், இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த அறுபது பிள்ளைகளுக்கும் பாட்டில் ஓட்டை விழும். நாதஸ்வரக் கச்சேரிக்குத் தவில்காரர் வராமல் போனால் என்ன ஆகும்?

ஆனால், 12 வயதுப் பிள்ளை கார் ஓட்ட முடியாது. கச்சேரி நாளன்று மாலை ஆறே காலுக்குக் கறுப்பு பேண்ட், கறுப்பு சாக்ஸ், வெள்ளைச் சட்டையோடு பள்ளியில் இறங்க வேண்டும் என்றால், கொண்டுவந்து விட ஒருவர் வேண்டும். பஸ் வசதி இல்லாத அமெரிக்கப் புறநகரில் இது சின்ன விஷயம் இல்லை. பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் அன்றைக்குப் பிள்ளை யார் வீட்டில் என்ற கேள்வி வேறு. நம்மவர்கள் வீடுகளில் கொலுவும் அக்டோபர் கச்சேரியும் ஒரே நாளில் மோதிக்கொள்வது வருடா வருடம் நடப்பது. கொலுவுக்கு ஒன்பது நாள் இருக்கிறது, கச்சேரிக்கு ஒரே நாள்தான் என்று சுண்டலை அடுத்த நாளுக்குத் தள்ளிவைத்த பாட்டிகளும் இருக்கிறார்கள்.

தவிர்க்க முடியாமல் போனால் பதிலுக்கு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதில்தான் ஆசிரியரின் நியாயம் தெரியும். சில பள்ளிகளில் ஏதாவது ஓர் இசையமைப்பாளரைப் பற்றி இரண்டு பக்கம் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அது தண்டனை, கச்சேரிக்கு ஈடு இல்லை. கச்சேரிப் பாட்டுகளில் தன் பகுதி முழுவதையும் ஆசிரியர் முன்னால் வாசித்துக் காட்டச் சொல்வதுதான் ஈடு.

நேரத்துக்கு அடுத்து பணம். வாத்தியம் பெரியதாக இருந்தால் - ட்யூபா, யூஃபோனியம் - பெரும்பாலும் பள்ளியே தரும். கிளாரினெட், ஃப்ளூட், ட்ரம்பெட் என்றால் வீட்டில்தான் மாத வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி கிளாரினெட்டுக்கு 'ரீட்' என்று நாணலில் செய்த மெல்லிய சீவல் ஒன்று உண்டு. நுனி ஒடிந்தால் போச்சு. 'ரீட் கொண்டுவரவில்லை' என்று மார்க் குறைத்தால், குறைந்தது பிள்ளையின் மறதிக்கா, வீட்டின் பர்ஸுக்கா?

இந்தக் கேள்வி கோர்ட்வரை போயிருக்கிறது. இசை, நாடகம், விளையாட்டு ஆகியவற்றில் சேரக் கட்டணம் வசூலித்த ஒரு பள்ளி மாவட்டத்துக்கு எதிரான வழக்கில், 1984-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கட்டணம் கூடாது என்றது. இலவசக் கல்வி என்று மாநில அரசியல் சட்டம் சொல்வது வகுப்பறையோடு நின்றுவிடாது, இவற்றுக்கும் சேர்த்துத்தான் என்பது தீர்ப்பு. 2012-ல் அங்கே தனிச் சட்டமும் வந்தது. நன்கொடை கொடுத்தால் கூடுதல் மார்க் என்று சொல்வதையும் அது தடுக்கிறது. டெக்சாஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. பள்ளி தரும் வாத்தியத்துக்கும் சீருடைக்கும் பராமரிப்புச் செலவைத் தாண்டாத ஒரு கட்டணம் வாங்கலாம். கட்ட முடியாதவர்களுக்குத் தள்ளுபடி செய்ய வழி இருக்க வேண்டும் என்கிறது அதன் சட்டம். கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதே 1984-ல் டெக்சாஸில் வந்த இன்னொரு சட்டம், பேண்ட் பிள்ளைகளின் தலையில் இன்றுவரை தொங்கிக்கொண்டிருக்கிறது. 'நோ பாஸ், நோ ப்ளே' என்று பெயர். ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால், போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. கோடீஸ்வரத் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் சிபாரிசில் வந்தது. படிப்பைவிடக் கால்பந்துக்கு மரியாதை அதிகம் என்ற கோபத்தில் பிறந்த சட்டம் அது. ட்யூபா வாசிக்கும் பிள்ளையும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. முதலில் ஆறு வாரத் தடையாக இருந்ததை 1995-ல் மூன்று வாரமாகக் குறைத்தார்கள்.

இதனால் விசித்திரமான ஒன்று நடக்கிறது. வசந்த காலத்தில் மாநிலம் முழுவதும் பள்ளி பேண்டுகளுக்கு மதிப்பீடு உண்டு. மூன்று பாட்டுகளை மேடையில் வாசிக்க வேண்டும். பிறகு வேறு அறைக்குப் போய், அதுவரை கண்ணால்கூடப் பார்க்காத ஒரு புதுப் பாட்டை வாசிக்க வேண்டும். டைரக்டர் சில நிமிடம் வாயால் விளக்கலாம், யாரும் வாத்தியத்தை ஊதக் கூடாது. அடுத்து நேராக வாசிப்புதான். நடுவர்கள் ஒன்று முதல் ஐந்துவரை தரம் போடுவார்கள். ஒன்றுதான் உயர்ந்தது. தனிப் பிள்ளைக்கு மார்க் இல்லை, மொத்த பேண்டுக்கும் ஒரே எண். அந்த நேரத்தில் பேண்டின் ஒரே ட்யூபா பிள்ளைக்குக் கணக்கில் 68 வந்தால்? வகுப்பில் உட்காரலாம், ஒத்திகை பார்க்கலாம், போட்டி மேடை ஏற முடியாது. ஆகவே, பிப்ரவரி மாதத்தில் பேண்ட் டைரக்டர் கணக்கு டீச்சரின் அறை வாசலில் நிற்பதைப் பார்க்கலாம். பிள்ளையைக் கணக்கு ட்யூஷனுக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்கு முதலில் போன் செய்வதும் சில நேரம் அவர்தான். பெரோ நினைத்தது இதையா என்பது வேறு விஷயம்.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது என்ன? இசை தெரிய வேண்டியதில்லை. தெரிந்தால் சில சமயம் ஆபத்தும்கூட! நம் கதையின் அம்மா கர்னாடக சங்கீதம் படித்தவர். பையன் 'சி' வாசிக்கிறேன் என்றபோது கீபோர்டில் 'சி'யை அழுத்திப் பார்த்தார். சேரவில்லை. "சுருதியே சேரலைடா" என்று இரண்டு நாள் திட்டினார். பிறகுதான் தெரிந்தது, பள்ளிகளில் வாசிக்கும் கிளாரினெட்டில் 'சி' என்று எழுதியிருப்பதை ஊதினால் பியானோவின் 'பி ஃப்ளாட்' சத்தம்தான் வரும். அந்த வாத்தியத்தின் அமைப்பே அப்படி. பையனிடம் மன்னிப்பாக ஒரு ஐஸ்க்ரீம் வாங்கித் தர வேண்டியதாயிற்று.

அந்த ஞாயிறு இரவுக்குத் திரும்பினால், அம்மா பேனாவை எடுத்தார். புதன், வியாழன், சனி மூன்றையும் அடித்தார். செவ்வாய் 20 நிமிடம்தானா என்று பையனிடமே கேட்டார். "இருபத்தஞ்சுகூட இருக்கும்மா" என்றான். 25 என்று திருத்தி, கூட்டி, 45 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அம்மா! நாப்பத்தஞ்சுதான் கிடைக்கும்!"

"கிடைக்கட்டும். நீ வாசிச்சது அவ்வளவுதானே? சரி, எந்த இடம் வரலை உனக்கு?"

கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னான். 'ஏ'யிலிருந்து 'பி'க்கு ஏறும் இடம். கிளாரினெட் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் தடுக்கி விழும் படி அது. கீழே உள்ள 'ஏ'க்குத் துளைகள் எல்லாம் திறந்திருக்கும். அடுத்த 'பி'க்கு எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் 'கீச்'. அதையும் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரியாக எழுதி அனுப்பினார்.

பயிற்சிக் கணக்குக்கு அந்த வாரம் 45 மார்க்தான் விழுந்தது. தாள் திரும்பி வந்தபோது டைரக்டரின் பென்சில் எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: வலது கை மோதிர விரல் துளையை முழுசாக மூடவில்லை, நாளைக்கு வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

செவ்வாய் மாலை டாலஸில் ஏழு மணி. திருச்சியில் மறுநாள் காலை, பாட்டி காபி டம்ளரோடு வீடியோ காலில். ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். பேரன் கிளாரினெட் எடுத்திருக்கிறான் என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். உள்ளறையிலிருந்து 'ஏ', 'பி', 'கீச்'... 'ஏ', 'பி', 'கீச்'...

"என்னடி, குக்கர் வெச்சிருக்கியா? விசில் வருதே?"

"குக்கர் இல்லம்மா. உன் பேரன்தான்."